45,000 ரூபாய் கோர்ஸா, பஸ்ல அரை மணி நேரமா? ஆட்டையாம்பட்டி தம்பிக்கு என் பதில்



ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஆட்டையாம்பட்டியில இருந்து ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தார். வயசு 25. சேலத்துல ஒரு ஜவுளி கம்பெனியில அக்கவுன்ட்ஸ் வேலை. கைக்கு வர்ற சம்பளம் 24,500. வீட்ல அம்மாவும் பெரியம்மாவும் கை முறுக்கு சுத்துறாங்க. அந்த ஊருக்கு அது புதுசில்ல. சேலம் பக்கம் முறுக்குன்னு சொன்னாலே அடுத்த வார்த்தை ஆட்டையாம்பட்டிதான்.

அவர் இன்ஸ்டாகிராம்ல ஒரு விளம்பரம் பார்த்திருக்கார். ஆறு மாச டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸ். 45,000 ரூபாய். 12 மாச நோ-காஸ்ட் இஎம்ஐ. "லேட்டஸ்ட் ட்ரெண்ட்ஸ்" எல்லாம் சொல்லித் தருவாங்களாம். முடிச்சா வீட்டு முறுக்கையும் ஆன்லைன்ல விக்கலாம், சாயங்காலம் ஃப்ரீலான்ஸும் பண்ணலாம்ங்கிறது அவர் கணக்கு. மெசேஜோட கடைசி வரி இது: "அண்ணா, இதுல சேரலைன்னா அப்டேட் ஆகாமலே போயிடுவேனோன்னு பயமா இருக்குங்க."

அந்தப் பயத்துக்காகத்தான் இந்தப் பதிவு. இதே பயத்தை திருப்பூர்ல இருந்தும் ஓசூர்ல இருந்தும் வேற வேற வார்த்தையில நிறைய பேர் அனுப்பியிருக்கீங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ட்ரெண்டைத் தெரிஞ்சுக்கிறதுக்காக 45,000 கொடுக்காதீங்க. சரியான இடத்துல தினமும் அரை மணி நேரம் படிச்சாலே போதும். ஆனா கையில ஒரு வேலையை வெச்சுக்கிட்டுப் படிக்கணும். வேலை எதுவும் இல்லாம வெறுமனே படிச்சுக்கிட்டே இருக்கிறதும் நேரச் செலவுதான். அதுல நானே மாட்டியிருக்கேன், கீழ சொல்றேன்.

இன்னொண்ணையும் இங்கயே சொல்லிடணும். எங்க மாதிரி சேனல்களுக்கு இந்த கோர்ஸ் கம்பெனிங்க ஸ்பான்சர் பண்ண வருவாங்க. டிஸ்கிரிப்ஷன்ல இருக்கிற லிங்க்ல நீங்க சேர்ந்தா எங்களுக்குக் கமிஷன். நானும் ஆரம்பத்துல ஒண்ணு எடுத்திருக்கேன். அந்த வீடியோவை இப்ப எடுத்துட்டேன். அதனால "இந்த கோர்ஸ் வாழ்க்கையை மாத்திடும்"னு யாராவது சொன்னா, சொல்றவருக்கு அதுல எவ்வளவு வருதுன்னு ஒரு தடவை யோசிங்க. நான் உட்பட.

முதல்ல இஎம்ஐ கணக்கு

45,000-ஐ 12-ஆல வகுத்தா மாசம் 3,750. 24,500 சம்பளத்துல அது 15 சதவீதத்துக்கு மேல. தம்பிகிட்ட எமர்ஜென்சி ஃபண்ட் எவ்வளவு இருக்குன்னு கேட்டேன். "அப்படி ஒண்ணும் இல்லீங்கண்ணா"ன்னார். இன்னும் ஒரு வருஷத்துக்கு இருக்கவும் போறதில்லன்னு அர்த்தம்.

நோ-காஸ்ட்ங்கிற வார்த்தையை அப்படியே நம்பாதீங்க. ஜீரோ பர்சென்ட் வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. வட்டி எங்கயோ ஒரு இடத்துல ஒளிஞ்சிருக்கும். பெரும்பாலும் கோர்ஸோட விலைக்குள்ளயே இருக்கும். மொத்தமா கட்டினா எவ்வளவு குறைப்பீங்கன்னு கேட்டுப் பாருங்க, அவங்க குறைக்கிற தொகைதான் உங்க வட்டி. அது போக ப்ராசஸிங் ஃபீஸ் தனி.

இதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. இந்த மாதிரி இஎம்ஐ பல நேரம் கோர்ஸ் நடத்துறவங்க உங்களுக்குத் தர்ற தவணை கிடையாது. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி உங்க பேர்ல தர்ற பர்சனல் லோன். மூணாவது மாசம் கிளாஸ் பிடிக்காம நீங்க நின்னுட்டாலும் லோன் நிக்காது. கட்டலைன்னா சிபில்ல விழும். நாலு வருஷம் கழிச்சு வீட்டு லோனுக்குப் போகும்போது அது முன்னாடி வந்து நிக்கும். ஏற்கனவே ஆப்ல கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா இதைத் தெரிஞ்சுக்கங்க: டிஜிட்டல் கடனுக்கு கூலிங்-ஆஃப் பீரியட்னு ஒண்ணு ரிசர்வ் வங்கி விதியில இருக்கு. குறைஞ்சது ஒரு நாள். அதுக்குள்ள அசலையும் அத்தனை நாளுக்கான வட்டியையும் கட்டிட்டு அபராதம் இல்லாம வெளிய வந்துடலாம். எத்தனை நாள்ங்கிறது கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்ல போட்டிருக்கும். நிறைய பேர் அதைத் திறந்தே பார்க்கிறதில்ல.

ட்ரெண்டுக்கு ஆயுள் கம்மி

இப்ப விஷயத்துக்கு வர்றேன். டிஜிட்டல் மார்க்கெட்டிங்ல "லேட்டஸ்ட்"னு விக்கிற சரக்குக்கு எவ்வளவு நாள் ஆயுள்னு ஒரு உதாரணத்துல பார்ப்போம்.

2020 ஜனவரியில கூகுள் ஒரு அறிவிப்பு விட்டுச்சு. குரோம்ல தேர்ட் பார்ட்டி குக்கீயை ரெண்டு வருஷத்துக்குள்ள எடுத்துடுவோம்னு. நீங்க ஒரு தளத்துல செருப்பு பார்த்தா அடுத்த நாள் வேற தளத்துல அதே செருப்பு துரத்திக்கிட்டு வருதே, அதுக்குப் பின்னாடி இருக்கிற விஷயம்தான் இந்த குக்கீ. உலகம் முழுக்க மார்க்கெட்டிங் ஆளுங்க பதறிட்டாங்க. குக்கீ இல்லாத உலகத்துக்குத் தயாராவது எப்படின்னு செமினார், ஒர்க்‌ஷாப், கோர்ஸ், புத்தகம் எல்லாம் வந்துச்சு.

2021 ஜூன்ல கூகுள் தேதியைத் தள்ளி 2023-ன்னு சொல்லுச்சு. 2022 ஜூலையில மறுபடி தள்ளி 2024-ன்னு சொல்லுச்சு. 2024 ஜனவரியில ஒரு சதவீதம் பேருக்கு மட்டும் நிறுத்திப் பார்த்தாங்க. ஏப்ரல்ல 2025-ன்னு தள்ளினாங்க. 2024 ஜூலையில, எடுக்கப் போறதில்ல, பயன்படுத்துறவங்களே தேர்ந்தெடுக்கட்டும்னாங்க. 2025 ஏப்ரல்ல அதுக்குத் தனியா ஒரு கேள்வி கூடக் கேட்கப் போறதில்லன்னு முடிச்சுட்டாங்க. அஞ்சு வருஷக் கதை. தொடங்கின இடத்துக்கே வந்து நின்னுடுச்சு.

இந்த அஞ்சு வருஷத்துல இதுக்குன்னு காசு கட்டி கோர்ஸ் படிச்சவரை நினைச்சுப் பாருங்க. கூகுளோட அறிவிப்பை அது வந்த அன்னிக்கே பத்து நிமிஷம் படிச்சிருந்தா, ஒவ்வொரு தடவையும் "சரி, இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போச்சு"ன்னு டீயைக் குடிச்சுட்டு எழுந்திருக்கலாம்.

கூகுளே தன்னோட ஆட்ஸ் சர்டிஃபிகேட்டுக்கு எவ்வளவு ஆயுள் கொடுத்திருக்கு தெரியுமா? ஒரு வருஷம். அடுத்த வருஷம் திரும்பப் பரீட்சை எழுதணும். ஸ்கில்ஷாப்ங்கிற கூகுளோட தளத்துல அதைப் படிக்கிறதும் இலவசம், எழுதுறதும் இலவசம். மெட்டாவோட புளூபிரின்ட் பாடங்களும், ஹப்ஸ்பாட் அகாடமியும் அதே மாதிரி இலவசமாக் கிடைக்குது. அடிப்படை தெரியணும்னா இங்க படிங்க, ரெண்டு மாசம் போதும். ஒரு வருஷத்துல காலாவதி ஆகிறதுக்கு ஒரு வருஷம் இஎம்ஐ கட்டுறது எனக்கு ஒத்துக்கலை. கடைசித் தவணை கட்டும்போது பாடம் பழசாகியிருக்கும்.

நான் படிச்சுக் கெட்ட கதை

"அப்ப படிச்சாப் போதும்"னு உடனே போய் இருபது நியூஸ்லெட்டருக்கு மெயில் ஐடி கொடுத்துடாதீங்க. நான் கொடுத்தேன்.

சேனல் தொடங்கின முதல் வருஷம் காலையில எழுந்தா மெயில்ல பதினஞ்சு இருபது கிடக்கும். எல்லாத்தையும் படிப்பேன். எந்த ஆப்ல என்ன பட்டன் மாறுச்சு, அல்காரிதம் எதைத் தூக்குது, எதை அமுக்குதுன்னு எல்லாம் தெரியும். டீக்கடையில யாராவது மாட்டினா அரை மணி நேரம் பேசுவேன். அந்த வருஷம் சேனல்ல வந்த வருமானம், வாங்கின மைக்குக் கூடக் காணலை. நான் படிச்சதுல எது என் சேனலுக்குப் பொருந்தும்னு ஒரு நாளும் கேட்டுக்கலை. பேப்பர்ல உலகச் செய்தி படிக்கிற மாதிரி படிச்சேன். படிச்ச உடனே ஏதோ வேலை செஞ்சுட்ட திருப்தி வந்துடும், அதுதான் இதுல மோசம்.

தம்பிக்கு இந்தச் சிக்கல் இல்ல. அவர்கிட்ட முறுக்கு இருக்கு.

அதனால அவருக்கு நான் சொன்னது இதுதான். காலையில ஆட்டையாம்பட்டியில இருந்து சேலம் போற பஸ்ல உட்கார இடம் கிடைச்சா அரை மணி நேரம் உங்களுது. எதைப் படிச்சாலும் முடிக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இதனால எங்க வீட்டு முறுக்கு விக்கிறதுல என்ன மாறுது?" பதில் இருந்தா நோட்ல ஒரு வரி எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க, உங்களுக்குப் புரிஞ்சுதா இல்லையான்னு அப்பத்தான் தெரியும். பதில் இல்லைன்னா மூடிட்டு ஜன்னல் பக்கம் வேடிக்கை பாருங்க.

மேல சொன்ன குக்கீ கதையை இந்தக் கேள்வியில போட்டுப் பாருங்க. முறுக்குக்கு ஒண்ணும் மாறலை. அஞ்சு வருஷச் செய்தி ஒரு நொடியில காலி.

இப்ப வேற ஒண்ணைப் போட்டுப் பார்ப்போம். கூகுள் மேப்ல கடையைப் பதிவு பண்றவங்களுக்கு இலவசமா ஒரு குட்டி வெப்சைட்டும் கூகுள் கொடுத்துக்கிட்டு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? பிசினஸ் டாட் சைட்னு முடியும். நம்ம ஊர்ல எத்தனையோ சின்னக் கடைங்களுக்கு அதுதான் முதல் வெப்சைட். விசிட்டிங் கார்டுல, கவர்ல எல்லாம் அச்சடிச்சாங்க. 2024 மார்ச்ல கூகுள் அதையெல்லாம் நிறுத்திடுச்சு. ஜூன் 10 வரைக்கும் அந்த முகவரியைத் தட்டினா மேப் பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டுச்சு, அதுக்கப்புறம் அதுவும் இல்ல. அதே வருஷம் ஜூலைக் கடைசியில மேப்ல இருந்து கடைக்காரருக்கு நேரா மெசேஜ் அனுப்புற வசதியும் போச்சு.

இது பெரிய செய்தியா எங்கயும் ஓடலை. ஏஐ அது இதுன்னு எல்லாரும் கத்திக்கிட்டு இருந்த நேரம். ஆனா அட்டைப்பெட்டி மேல அந்த முகவரியை அச்சடிச்சு வெச்சிருந்த ஒரு முறுக்குக் கடைக்கு அந்த வருஷத்தோட முக்கியச் செய்தி இதுதான். வாடிக்கையாளர் தட்டிப் பார்ப்பார், பக்கம் திறக்காது, கடையை மூடிட்டாங்க போலன்னு போயிடுவார். கடைக்காரருக்கு அது தெரியவே தெரியாது.

2020-ல டிக்டாக் போனதும் இப்படித்தான். ஜூன் 29 ராத்திரி 59 ஆப்களை மத்திய அரசு தடை பண்ணுச்சு. லட்சக்கணக்குல ஃபாலோயர் வெச்சிருந்த நம்ம ஊர்ப் பசங்களுக்குக் காலையில ஒண்ணுமே இல்ல. பத்து நாள் கூட ஆகலை, ஜூலை 8-ம் தேதி இன்ஸ்டாகிராம் இந்தியாவுல ரீல்ஸைக் கொண்டு வந்துச்சு. செப்டம்பர்ல யூடியூப் ஷார்ட்ஸ், அதையும் முதல்ல இந்தியாவுலதான் விட்டுப் பார்த்தாங்க. அந்த ரெண்டு மாசத்துல செய்தியைக் கவனிச்சு உடனே இடம் மாறினவங்களுக்குப் புது இடத்துல கூட்டம் குறைச்சலா இருந்துச்சு. டிக்டாக் திரும்பி வரும்னு காத்திருந்தவங்க இன்னும் காத்திருக்காங்க.

வாட்ஸ்அப் விஷயம் இன்னொரு வகை. பெரிய கம்பெனிங்க மொத்தமா மெசேஜ் அனுப்புற வாட்ஸ்அப் பிளாட்ஃபார்ம்ல 2025 ஜூலை 1-ல இருந்து ஒவ்வொரு மெசேஜுக்கும் தனித்தனியாக் கட்டணம்னு மாறுச்சு. "வாட்ஸ்அப் மார்க்கெட்டிங் இனி காசு"ன்னு தலைப்புப் போட்டாங்க. தம்பியும் பயந்துட்டார். அவர் வீட்ல இருக்கிறது சும்மா ப்ளே ஸ்டோர்ல கிடைக்கிற வாட்ஸ்அப் பிசினஸ் ஆப். கேட்டலாக்ல முறுக்குப் படம் போட்டு, வர்ற ஆர்டருக்குப் பதில் சொல்றார். அதுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. தலைப்போட நின்னுட்டா பயம்தான் மிஞ்சும்.

மார்க்கெட்டிங் பக்கத்துல வராத செய்தி

இந்த முறுக்குக் கேள்வியைக் கேட்க ஆரம்பிச்சா இன்னொண்ணும் புரியும். உங்களுக்கு ரொம்ப வேண்டிய செய்தி பல நேரம் மார்க்கெட்டிங் தளத்துலயே வராது.

ஒரு ஃப்ரீலான்சர் நம்ம தம்பிகிட்ட சொல்லியிருக்கார், "போஸ்ட்ல மணப்பாறை முறுக்குன்னு டேக் போடுங்க, அதைத்தான் நிறைய பேர் தேடுறாங்க"ன்னு. தேடல் கணக்குப்படி அவர் சொன்னது சரியா இருக்கலாம். ஆனா மணப்பாறை முறுக்குக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. அந்தப் பேரை அதுக்குன்னு பதிவு பண்ணினவங்கதான் அந்தச் சரக்குக்குப் போட முடியும். ஆட்டையாம்பட்டியில சுத்தின முறுக்கை மணப்பாறைப் பேர்ல வித்தா நோட்டீஸ் வரும். சொந்த ஊர்ப் பேருக்கே ஒரு மதிப்பு இருக்கும்போது அடுத்த ஊர்ப் பேரை எதுக்குக் கடன் வாங்கணும், அது வேற விஷயம். இதெல்லாம் தினசரிப் பேப்பர்ல வந்த செய்தி. அதே வருஷம்தான் சேலம் ஜவ்வரிசிக்கும் குறியீடு கிடைச்சுது, சேலத்துக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அதே மாதிரி ஜிஎஸ்டி. ஆன்லைன் தளங்கள்ல பொருள் விக்கணும்னா எவ்வளவு சின்ன ஆளா இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேணும்னு இருந்துச்சு. 2023 அக்டோபர் 1-ல இருந்து, வரம்புக்குக் கீழ டர்ன்ஓவர் இருக்கிறவங்க தன்னோட மாநிலத்துக்குள்ள மட்டும் விக்கிறதா இருந்தா, பதிவு இல்லாமலே ஒரு என்ரோல்மென்ட் எண் வாங்கிக்கிட்டு விக்கலாம்னு மாத்தினாங்க. வெளி மாநிலத்துக்கு அனுப்பணும்னா பதிவு வேணும். வீட்ல முறுக்கு சுத்துற அம்மாவுக்கு எந்த அல்காரிதம் அப்டேட்டை விடவும் இது பெரிய கதவு. எத்தனை டிஜிட்டல் மார்க்கெட்டிங் கிளாஸ்ல இதைச் சொல்றாங்க?

எங்க படிக்கிறது

இங்க நான் கொஞ்சம் கறாரா இருப்பேன். மூலத்துல படிங்க. கூகுள் தேடலைப் பத்தின செய்தின்னா கூகுளோட சர்ச் சென்ட்ரல் பிளாக். இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப்னா மெட்டாவோட பிசினஸ் பக்கம். இங்கிலீஷ்தான், ஆனா சுலபமான இங்கிலீஷ். புரியலைன்னா போன்லயே மொழிபெயர்த்துக்கலாம். "அல்காரிதம் மாறிடுச்சு"ன்னு ஒரு ரீல் வந்தா அந்தப் பக்கத்துல போய்ப் பாருங்க. பாதி நேரம் அப்படி ஒண்ணுமே இருக்காது.

உண்மையிலேயே பெருசா இருக்கிற நேரமும் உண்டு. 2024 மார்ச் 5-ல கூகுள் ஒரு கோர் அப்டேட் ஆரம்பிச்சு 45 நாள் ஓட்டுச்சு. மத்த தளங்கள்ல இருந்து அள்ளிப்போட்ட, தேடலுக்குன்னே உற்பத்தி பண்ணின பக்கங்களைக் கிட்டத்தட்ட 45 சதவீதம் குறைச்சிருக்கோம்னு முடிவுல சொன்னாங்க. கட்டுரையை மொத்தமா அடிச்சு விட்டுக்கிட்டு இருந்த பல தளங்கள் அதுல படுத்துச்சு. அது நடந்தப்ப கூகுள் என்ன சொல்லுதுன்னு நேரா படிச்சவங்களுக்கு அடுத்த வேலை தெளிவா இருந்துச்சு. யூடியூப்ல "பத்து ட்ரிக்" பார்த்தவங்க அதே தப்பை வேற டூல் வெச்சுப் பண்ணினாங்க.

தினசரிச் செய்திக்கு சர்ச் எஞ்சின் லேண்ட், சர்ச் எஞ்சின் ரவுண்ட்டேபிள் ரெண்டும் நல்ல தளங்கள், வருஷக்கணக்கா நடக்குது. ஆனா படிக்கும்போது யார் காசுல நடக்குதுன்னு தெரிஞ்சுக்கங்க. சர்ச் எஞ்சின் லேண்டை 2024-ல செம்ரஷ் வாங்கிடுச்சு. செம்ரஷ் விக்கிறது எஸ்இஓ டூல். அதனால அங்க வர்றது பொய்னு சொல்லலை. மாவு விக்கிறவர் பலகாரக் குறிப்பு சொன்னா மாவு கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும், அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வாசிப்பு எதுன்னு கேட்டா, மெட்டாவோட ஆட் லைப்ரரி. யார் வேணா திறக்கலாம், இலவசம். எந்தக் கடை இப்ப என்ன விளம்பரம் ஓட்டுது, எந்தத் தேதியில ஆரம்பிச்சுதுன்னு காட்டும். பலகாரம் விக்கிற பெரிய பேருங்களைத் தேடிப் பாருங்க. ஒரே விளம்பரம் மாசக்கணக்கா ஓடுதுன்னா பெரும்பாலும் அது அவங்களுக்குக் காசு கொண்டு வருது. அதுல என்ன படம், முதல் வரி என்ன, விலையைப் போட்டிருக்காங்களா, டெலிவரி பத்தி என்ன சொல்றாங்கன்னு நோட்ல எழுதுங்க. தினமும் ரெண்டு விளம்பரம். இதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியலை. கூடவே கூகுள் ட்ரெண்ட்ஸ்ல முறுக்குன்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் போட்டு அஞ்சு வருஷக் கோட்டைப் பாருங்க. தீபாவளிக்கு எத்தனை வாரத்துக்கு முன்னாடி கோடு ஏற ஆரம்பிக்குதுன்னு நீங்களே கண்டுபிடிங்க. அம்மா எப்ப அரிசி வாங்கி வைக்கணும்னு அது சொல்லும்.

500 ரூபாய்ப் பரீட்சை

மாசம் 3,750 கட்டத் தயாரா இருந்தீங்கல்ல? அதுல 3,000-ஐ எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போடுங்க. ஒரு 500-ஐ விளம்பரத்துக்கு வைங்க. மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும், ஆக 590. ஒரு கிலோ முறுக்குல அரிசி, எண்ணெய், கூலி, பார்சல், கூரியர் எல்லாம் போகச் சும்மா கணக்குக்கு 90 ரூபாய் நிக்குதுன்னு வெச்சுக்குவோம். 590-ஐ எடுக்கவே ஏழு ஆர்டர் வேணும். ஏழு வந்துச்சா? வரலைன்னா படத்தை மாத்துங்க, ஊரை மாத்துங்க, அடுத்த மாசம் திரும்பப் பாருங்க. தம்பி அக்கவுன்ட்ஸ் ஆளு, இந்தக் கணக்கு அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

இதுல ஒரு வேடிக்கை. ரெண்டு வாரத்துல அவர் எனக்கு அனுப்பின முதல் ரிப்போர்ட்ல விளம்பரத்தைப் பத்தி ஒண்ணுமே இல்ல. "அண்ணா, சென்னைக்குப் போன பார்சல்ல பாதி நொறுங்கிப் போயிருச்சுங்க." கை முறுக்கு அப்படித்தான், தொட்டா உடையும், அதுக்குத்தான் அதை வாங்குறாங்க. அவரோட இப்போதைய ட்ரெண்ட், டப்பாவுக்குள்ள முறுக்கை எப்படி அடுக்குறதுங்கிறதுதான். உடையாம போய்ச் சேர்ந்த பார்சலைத் திறக்கிற ஒரு வீடியோ அவருக்கு இருபது ரீல்ஸுக்குச் சமம்னு நான் நினைக்கிறேன்.

ஆறு மாசம் இப்படி ஓட்டினா வீட்டு முறுக்கோட கணக்கே அவரோட சர்டிஃபிகேட். "590 போட்டேன், இத்தனை ஆர்டர் வந்துச்சு, முதல் மாசம் நஷ்டம், இதை மாத்தினேன், மூணாவது மாசம் இவ்வளவு நின்னுச்சு"ன்னு ஒரு பக்கத்துல எழுதி பக்கத்து ஊர் ஜவுளிக்கடைக்காரர்கிட்ட காட்டினா அவர் கேட்பார். ஆறு மாச கோர்ஸ் சர்டிஃபிகேட்டைக் காட்டினா நாற்காலி போடுவார், அவ்வளவுதான்.

அப்படி வெளி வேலை எடுக்க ஆரம்பிச்சா ரெண்டு விஷயம் பார்த்துக்கங்க. உங்க ஆபர் லெட்டர்ல வெளி வேலை கூடாதுன்னு ஏதாவது ஷரத்து இருக்கான்னு பாருங்க. அடுத்தது வரி. ஃப்ரீலான்ஸ் வருமானம் தொழில் வருமானக் கணக்குல வரும். சம்பளக்காரங்க வழக்கமாப் போடுற ஐடிஆர்-1 அதுக்கு ஒத்து வராது. முதல் வருமானம் வந்த மாசத்துல இருந்தே தனியா ஒரு கணக்கு எழுதுங்க.

இந்தப் பக்கமும் நீங்கதான்

ஒண்ணை மறந்துடறோம். மாசச் சம்பளம் வாங்குற நம்ம எல்லாருமே இந்த மார்க்கெட்டிங்கோட அந்தப் பக்கமும் நிக்கிறோம். விளம்பரம் எப்படி வேலை செய்யுதுன்னு தினமும் கொஞ்சம் படிக்கிறவருக்கு முதல் லாபம், தன் பர்ஸ்ல இருந்து போறது குறையுறது.

2023 நவம்பர் 30-ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு. ஆன்லைன்ல ஆளை ஏமாத்துற 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை பண்ணியிருக்கு. டார்க் பேட்டர்ன்ஸ்னு பேர். நீங்க கேட்காததைக் கூடையில சேர்த்து விடுறது, கடைசிப் பக்கத்துல விலையை ஏத்துறது, சந்தாவை நிறுத்த விடாம சுத்த விடுறது எல்லாம் அதுல இருக்கு. முதல்ல இருக்கிறது போலி அவசரம்: இன்னும் ரெண்டு சீட்தான், இன்னும் பத்து நிமிஷம்தான்னு இல்லாத நெருக்கடியைக் காட்டுறது. இதை ஒரு தடவை படிச்சவர் அடுத்த தடவை டிக்கெட் புக் பண்ணும்போது வேற கண்ணால பார்ப்பார்.

தம்பி அனுப்பின அந்த கோர்ஸ் பக்கத்தை நானும் திறந்தேன். மேல சிவப்புல ஒரு கடிகாரம், ஆஃபர் முடிய 23 மணி 59 நிமிஷம். மறுநாள் வேற போன்ல திறந்தேன். 23 மணி 59 நிமிஷம்.

எல்லா கோர்ஸும் வீண்னு நான் சொல்லலை. வேலையை விட்டு முழுசா இந்தத் துறைக்கே போகப் போறீங்க, தனியா உட்கார்ந்து படிக்கவே வராது, உட்கார வெச்சுக் கேள்வி கேட்க ஒருத்தர் வேணும்னா சேருங்க. கையில சேர்த்த காசுல சேருங்க. போன பேட்ச்ல படிச்ச மூணு பேர்கிட்ட நீங்களே பேசிட்டுச் சேருங்க. அவங்க கொடுக்கிற நம்பர்ல இல்ல, லிங்க்ட்இன்ல நீங்களே தேடின ஆளுங்ககிட்ட.

ஆட் லைப்ரரியில தமிழ்நாட்டுப் பலகாரக் கடை விளம்பரங்களை எப்படித் தேடுறதுன்னு நிறைய பேர் கேட்பீங்கன்னு தெரியும். அதை ஸ்கிரீன் ரெக்கார்டிங்கோட ஞாயிற்றுக்கிழமை வீடியோவுல காட்டுறேன். தம்பி புது டப்பா ஒண்ணுல எனக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்காராம். எத்தனை முறுக்கு முழுசா வந்து சேர்ந்துதுன்னு அதே வீடியோவுல எண்ணிடுவோம்.